போர்டில் பெயர் எழுதுவதைத் தவிர லீடருக்கு வேறு வேலை இருக்கிறதா?

கேள்வி கேட்ட டீச்சர் சொன்னதைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன். அரசு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, அறிவியல், 38 பிள்ளைகள். சேட்டை இல்லை, எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள், ஆனால் ஒரு முகத்திலும் உயிர் இல்லை. பயிற்சி வகுப்பில் "பிள்ளைகளுக்குத் தலைமைப் பொறுப்பு கொடுங்கள், தேர்ந்தெடுக்க விடுங்கள், ஈடுபாடு தானாக வரும்" என்றார்கள். ஆறு குழு பிரித்து ஆறு லீடர் போட்டார். இரண்டு வாரத்தில் லீடர்கள் மட்டும் வேலை செய்ய, மீதி 32 பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். "பிடித்த தலைப்பில் பிராஜக்ட் செய்து வாருங்கள்" என்று விட்டுப் பார்த்ததிலும் பலன் இல்லை, பாடமும் பின்தங்கிவிட்டது. இது நம் வகுப்புக்கு ஒத்துவருமா, அப்படியே செய்தாலும் இப்போது கிளாஸ் லீடராக இருக்கும் பெண்ணை மாற்றினால் அவள் அம்மா சண்டைக்கு வருவாரே என்று கேட்கிறார்.

ஒத்துவரும் டீச்சர். நான் டெல்டா பக்கத்தில் 26 வருடம் இதே அறிவியலைத்தான் நடத்தினேன், அதில் முதல் பத்து வருடம் நீங்கள் செய்ததை அப்படியே செய்து அப்படியே சொதப்பினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த லீடர் விஷயம். நம் ஊரில் இது புதுசு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான், பெரிய பையன், வாத்தியார் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான், முறை வைப்பான், அதாவது அவன் முதலில் சொல்ல மற்றவர்கள் திரும்பச் சொல்வார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதை விடுதிப் பள்ளியை மேற்பார்வை பார்க்க வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து, நீ சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடு என்று விட்டார், அது பிரமாதமாக நடந்தது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவே போட்டார், 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் உலகம் சுற்றியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இருக்கிறது, காரணம் இதுதான்.

இவ்வளவு பழைய சரக்கு நம்மிடம் இருந்தும், இன்றைக்குத் தமிழில் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். அதிகாரம் பண்ணுவது. சொல்லிக்கொடுத்தது யாருக்கும் நினைவில்லை, பிரம்பு பிடித்தது மட்டும் மொழியில் தங்கிவிட்டது. நம் கிளாஸ் லீடரும் அந்த வாரிசுதான். டீச்சர் ஆபீசுக்குப் போனால் போர்டில் ஓரமாகக் கோடு போட்டு 'பேசியவர்கள்' என்று தலைப்பு எழுதுவது, பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவது, நெருங்கிய தோழி பேசினால் கண்டுகொள்ளாமல் விடுவது. நான் படிக்கும்போது எங்கள் லீடருக்கு ஒரு மாங்காய்க் கீற்று கொடுத்தால் பெயர் அழிந்துவிடும், உப்பு மிளகாய்த்தூளோடு கொடுத்தால் அன்றைக்கு முழுவதும் பேசலாம். குழுவுக்கு ஒரு லீடர் என்று நீங்கள் போட்டதும் பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தங்களுக்குத் தெரிந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார்கள். லீடர் என்றால் நோட்டை வாங்குகிறவர், சத்தம் போடுகிறவர், டீச்சர் கேட்டால் எழுந்து பதில் சொல்கிறவர். மற்றவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அப்புறம் வேடிக்கை பார்க்காமல் என்ன செய்வார்கள்?

ஆகவே நான் 'லீடர்' என்ற சொல்லையே வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பதிலுக்கு வேலைகள். ஒரு வேலை உண்மையான வேலையா, சும்மா பேட்ஜா என்று பார்க்க எனக்கு ஒரே கேள்விதான்: அந்தப் பிள்ளை இன்றைக்கு லீவு போட்டால் வகுப்பில் எது நின்றுபோகும்? ஒன்றும் நிற்காது என்றால் அது பதவி, பொறுப்பு இல்லை. அளவுசாடியும் தராசும் எடுத்து வந்து, எண்ணி, கழுவித் திரும்ப வைக்கிறவர் வராவிட்டால் செய்முறை தொடங்காது. நேற்று எதில் நிறுத்தினோம், எது புரியாமல் விட்டோம் என்று மூன்று வரி எழுதி வைத்து மறுநாள் வாசிக்கிறவர் வராவிட்டால் எனக்கே தடுமாற்றம் (நிஜமாகவே, ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு எங்கே நிறுத்தினேன் என்று யாருக்கு நினைவிருக்கும்). லீவு போட்டவருக்கு விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறவர். நேரம் பார்த்து "சார், பத்து நிமிஷம் ஆச்சு" என்று என் பேச்சையே நிறுத்துகிறவர். இந்தக் கடைசி வேலைக்குத்தான் எப்போதும் போட்டி.

இன்னொன்று நானாகக் கண்டுபிடித்தது, இதற்கு மட்டும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் 'புரியலை' என்று சொல்வதற்கே ஒரு ஆள். அவர் வேலை, பாடத்தில் குறைந்தது இரண்டு இடத்தில் கையைத் தூக்கி "இது புரியலை, திரும்பச் சொல்லுங்க" என்பது. புரிந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்காக. நம் பிள்ளைகள் கேள்வி கேட்காததற்கு முதல் காரணம் கேட்டால் மக்கு என்று சிரிப்பார்களோ என்ற பயம். அதையே உத்தியோகமாக ஆக்கிவிட்டால் சிரிக்க முடியாது. அதை முதல் ரேங்க் பிள்ளைக்கே முதலில் கொடுங்கள், அவர்களுக்குத்தான் அது ரொம்பக் கஷ்டம். எங்கள் வகுப்பில் ஒரு பையன், படிப்பில் சூரன், மூன்று நாள் வாயே திறக்கவில்லை, நான்காம் நாள் "சார், எல்லாம் புரியுது, என்ன செய்ய?" என்றான். அப்போ பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து அவனுக்கு எது புரியவில்லை என்று கண்டுபிடிடா என்றேன். அங்கேதான் வேலை தொடங்கியது.

வேலைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தினமும் மாற்றினால் யாருக்கும் கை பழகாது, வருடம் முழுக்க ஒருவரே என்றால் பழைய சட்டாம்பிள்ளை திரும்பி வந்துவிடுவார். 38 பேருக்கும் வேலை இருக்குமா என்றால் இருக்காது, ஒரு சுற்றுக்கு 20, 22 வேலை தேறும், மீதிப் பேர் அடுத்த சுற்று. எல்லோருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று 'சன்னல் திறப்பு அமைச்சர்' மாதிரி வேலைகளை உற்பத்தி செய்யாதீர்கள், பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குழு வேலையில் அடுத்தவர் முதுகில் சவாரி செய்வதைத் தடுக்க ஒரு பழைய வழி இருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் அதுவரை பிரிந்து படித்த கறுப்பு, வெள்ளை, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்காரவைத்தபோது அடிதடி ஆகிவிட்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்த்தது, பிள்ளைகள் டீச்சரின் பார்வைக்காக ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக்கொண்டிருந்ததை. ஒரு பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். முழுப்பாடம் யாரிடமும் இல்லை. அவன் துண்டு வேண்டுமென்றால் அவன் பேசுவதைக் கேட்டாக வேண்டும், திக்கினால் காத்திருக்க வேண்டும். 'ஜிக்சா' என்று அதற்குப் பெயர். நான் அதை 'உடல்நலமும் சுகாதாரமும்' பாடத்தில் செய்வேன்: காசநோய் ஒருவருக்கு, காலரா ஒருவருக்கு, டைபாய்டு, சின்னம்மை, வெறிநாய்க்கடி. ஒரே நோயை எடுத்த பிள்ளைகள் எல்லாக் குழுவிலிருந்தும் முதலில் ஒன்றாக உட்கார்ந்து படித்துத் தெளிந்துகொண்டு, அப்புறம் அவரவர் குழுவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். ஒரே சிக்கல், நம் ஊரில் திருவிழா, காதுகுத்து, நடவு என்று திங்கட்கிழமை ஏழெட்டுப் பேர் வரமாட்டார்கள், காலரா வராமல் போய்விடும். ஒரு துண்டுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 'தேர்வு' பற்றி. தமிழில் ஒரு வேடிக்கை, தேர்வு என்ற சொல்லுக்கே தேர்ந்தெடுப்பது என்றுதான் பொருள். நம் பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் அது பரீட்சை ஆகிவிட்டது. பிள்ளை எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, நாம்தான் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறோம். வருடக்கணக்கில் இப்படி உட்கார்ந்த பிள்ளையிடம் ஒருநாள் திடீரென்று "உனக்குப் பிடித்ததைச் செய்" என்றால் திருதிருவென்று முழிக்கத்தான் செய்யும். நான் முதன்முதலில் அப்படி விட்டபோது வகுப்புக்கு 31 சார்ட் வந்தது. அதில் 20க்கு மேல் சூரியக் குடும்பம். எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரே பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரே படம், சனிக்கோளின் வளையத்தில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மை திட்டு. ஒரு பெண் மட்டும் கையால் வரைந்திருந்தாள், அதைக் கடைசியில் வைத்திருந்தாள், வெட்கப்பட்டுக்கொண்டு. காசு செலவழித்த அப்பாக்களைத் திட்டுவதா, என்னையே திட்டிக்கொள்வதா தெரியவில்லை.

தவறு பிள்ளைகளிடம் இல்லை. கூடுதலாக வாய்ப்பு கொடுத்தால் கூடுதல் ஆர்வம் வரும் என்பதே பிழையான கணக்கு. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களிடம் விருப்பமிருந்தால் ஒரு கட்டுரை எழுதிக் கூடுதல் மதிப்பெண் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சிலருக்கு 6 தலைப்பு, சிலருக்கு 30 தலைப்பு. ஆறு தலைப்பு கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் எழுதிக் கொடுத்தார்கள், முப்பது கிடைத்தவர்களில் 60 சதவீதம்தான். எழுதியதின் தரமும் ஆறு தலைப்புக்காரர்களுடையதே மேல். கல்லூரிக்காரர்களுக்கே இப்படி என்றால் நம் ஏழாம் வகுப்புக்கு மூன்று, மிஞ்சினால் ஆறு போதும்.

அதே இருவரும் 1999இல் செய்த இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கம். சான் பிரான்சிஸ்கோவில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்து மாற்றி விளையாடும் புதிர். வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தபோது நன்றாகச் செய்தார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள் "இதை உன் அம்மா தேர்ந்தெடுத்தார்" என்று சொல்லிக் கொடுத்தபோதுதான் எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு கணினி விளையாட்டில் செய்தபோதும் அப்படியே, தங்கள் வகுப்புத் தோழர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தது என்றதும் ஆசியப் பிள்ளைகளின் ஆர்வம் கூடியது. அந்தப் பிள்ளைகள் சீன, ஜப்பானிய வம்சாவளியினர், நம் பிள்ளைகளும் அச்சு அசல் அப்படியே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் வகுப்பில் தனித்தனியாக "உனக்கு எது வேண்டும்" என்று கேட்டதைவிட, "குழுவாகப் பேசி ஒன்றைச் சொல்லுங்கள்" என்றபோதுதான் சத்தம் கிளம்பியது. பயிற்சியில் சொல்வதையெல்லாம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தனியாகச் செய்யவில்லையே என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். டீச்சர் யோசித்துக் கொடுத்தது என்ற நம்பிக்கையும் பிள்ளைக்கு ஒரு பலம்தான்.

சரி, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, முதல் பருவம், அளவீட்டியல். ஒழுங்கற்ற பொருளின் கனஅளவை அளவுசாடித் தண்ணீரில் கண்டுபிடித்து, நிறையை அதனால் வகுத்து அடர்த்தி சொல்ல வேண்டும். புத்தகத்தில் கல்லை நூலில் கட்டி இறக்குவது போல இருக்கும். நான் மேஜையில் ஆறு பொருள் வைத்தேன்: கூழாங்கல், பெரிய இரும்புப் போல்ட், உருளைக்கிழங்கு, செங்கல் துண்டு, கல் உப்பு, ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு. குழுவுக்கு ஒன்று, பேசி எடுத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை எடுத்தால் மாற்றக் கூடாது, பருவம் முடிய அதன் அடர்த்தி உங்கள் பொறுப்பு, மற்றக் குழு கேட்கிற கேள்விக்கெல்லாம் நீங்கள்தான் பதில் என்றேன். எடை போட ஒரு மளிகைக் கடையில் கேட்டு எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்திருந்தோம், பள்ளித் தராசு பீரோவுக்குள், பீரோ சாவி வேறு யாரிடமோ.

தேர்ந்தெடுத்தது அவர்கள், ஆனால் மூன்று பொருளில் கண்ணி வைத்தது நான். போல்ட்காரர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் குழுவில் சண்டை. தண்ணீரில் போட்டதும் குமிழ் குமிழாக வருகிறது, மட்டம் மெதுவாக இறங்குகிறது, ஒருத்தி 62 என்கிறாள், இன்னொருவன் 58 என்கிறான், இரண்டு பேரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், வேறு வேறு நிமிடத்தில். "செங்கல் தண்ணி குடிக்குது சார்." அப்போ என்ன செய்யலாம்? முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, அது குடித்து முடித்த பிறகு அளக்கலாம் என்றார்கள். அப்படியென்றால் ஊறிய செங்கலின் எடையா, காய்ந்த செங்கலின் எடையா, எதை வகுப்பது? இதைப் பாடப்புத்தகம் கேட்காது, கேட்டது எட்டாவது வரை கூட்டல் வராமலே போகப்போகிறாள் என்று ஆசிரியர் அறையில் பேசப்பட்ட பெண்.

உப்புக் குழு பரிதாபம். கட்டி உள்ளே போனதும் கரையத் தொடங்கிவிட்டது, வெளியே எடுத்தால் பாதி இல்லை. ஏமாற்றிவிட்டீர்கள் என்று என்னைப் பார்த்தார்கள், வேறு பொருள் கேட்டார்கள், தரவில்லை. மறுநாள் ஒரு பாட்டிலில் கடலை எண்ணெய் கொண்டு வந்தார்கள். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய்க்குள் உப்புக் கல் அப்படியே கிடப்பதை அவர்களில் ஒருத்தி வீட்டில் பார்த்திருக்கிறாள். அளந்து வகுத்தபோது கனசென்டிமீட்டருக்கு 2 கிராமை ஒட்டி வந்தது. உப்பின் அடர்த்தி 2.16, மளிகைத் தராசுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

செருப்பு மிதந்தது. குழுவே கையால் அமுக்கிப் பார்த்தது, விரலும் சேர்ந்து மட்டம் ஏறியது. கடைசி பெஞ்சுப் பையன், ஆற்றில் தூண்டில் போடுகிறவன், சட்டைப் பையிலிருந்து ஈயக் குண்டு எடுத்து நூலில் சேர்த்துக் கட்டினான். முதலில் குண்டை மட்டும் போட்டு ஒரு அளவு, அப்புறம் குண்டும் செருப்பும் சேர்த்து ஒரு அளவு, கழித்துக்கொள்ளலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்கிற வேலை அது. அவன் அந்தப் பருவத் தேர்வில் 60க்கு 22தான் எடுத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், ஒரே வாரத்தில் மாணவன் மாறிவிட்டான் என்று கதை விடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அடர்த்திக் கேள்வியில் முழு மதிப்பெண். அதற்குப் பிறகு செய்முறை என்றால் முதல் பெஞ்சுக்கு வந்து நிற்பான்.

கவனித்துப் பாருங்கள், என்ன கற்க வேண்டும் என்பதில் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோருக்கும் அடர்த்திதான். எந்தப் பொருள், எந்த வழி என்பதில்தான் விட்டேன். எடுத்தால் மாற்றக் கூடாது என்பதும் முக்கியம், விளைவை அனுபவிக்காத தேர்ந்தெடுப்பு ஓட்டலில் மெனு கார்டு பார்ப்பது மாதிரிதான்.

நேரம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு பீரியடில் நடத்தி முடிப்பதற்கு நான்கு ஆனது. ஆனால் திருப்புதலுக்கு ஒதுக்கியிருந்த இரண்டு பீரியட் மிச்சம். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்தால் பாடம் முடியாது, செய்யவும் வேண்டாம். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் போதும், மற்றதை நீங்கள் எப்போதும் நடத்துகிற மாதிரி நன்றாக நடத்துங்கள். 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டில் (பருவம் நடக்கும்போதே அவ்வப்போது போடும் மதிப்பெண்) செயல்பாட்டுக்கென்று மதிப்பெண் இருக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? பருவக் கடைசியில் அவசரமாக ஒரு சார்ட், ஒரு படத்தொகுப்பு. அந்த இடத்தில் இதை வைத்துவிட்டால் கூடுதல் வேலையும் இல்லை, ரெக்கார்டும் ஆயிற்று.

தினசரி செய்யக்கூடிய சின்ன விஷயம் வீட்டுப்பாடம். எட்டுக் கணக்கு எழுதிப்போட்டு, இரண்டு கட்டாயம், மீதி ஆறில் மூன்று உங்கள் இஷ்டம் என்பேன். கட்டாயமான இரண்டில் ஒன்று கடினமாக இருக்கும், இல்லாவிட்டால் எல்லோரும் லேசானதையே எடுப்பார்கள். அமெரிக்காவில் எரிகா பட்டால் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2010இல் உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள், வீட்டுப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கவிட்ட அலகில் பிள்ளைகளின் ஆர்வமும் கூடியது, அலகுத் தேர்வு மதிப்பெண்ணும் கூடியது. வகுப்பில் நான் பார்த்தது இன்னும் சாதாரணமானது: எதை எடுக்கலாம் என்று முடிவு செய்ய ஆறு கணக்கையும் வாசித்தாக வேண்டும். முன்பு யாரும் எல்லாவற்றையும் வாசித்ததே இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று உங்கள் தலைமையாசிரியர் சொன்னால் செயல்வழிக் கற்றலை நினைவுபடுத்துங்கள். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி பள்ளியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைப் பார்த்துவிட்டு வந்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள், அப்போது ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். அடுத்த சில வருடத்தில் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. சுவரில் ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு படச்சின்னம் போட்ட அட்டை, பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துத் தானே அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்கார வேண்டும். வருகைப் பதிவைப் பிள்ளையே போடும். எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைக் கட்டம், தலைக்கு மேல் கம்பியில் அவர்கள் வரைந்த படங்கள். லீவு போட்டு வந்த பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம், இதைவிடப் பெரிய மரியாதை அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும்?

பிறகு ஏன் அது வாடியது என்றால், நான் பார்த்த பள்ளிகளில் அட்டைகள் கிழிந்தன, காணாமல் போயின, நாற்பது பிள்ளையும் நாற்பது படியில் நிற்க ஒரே டீச்சர் ஓடினார், கடைசியில் அட்டையைப் பார்த்து எழுதுவதே பாடம் என்று ஆகிவிட்டது. தேர்ந்தெடுக்கும் உரிமை ஏணியில் இருந்தது, ஏறியது சரியா என்று பார்த்துச் சொல்ல ஆள் போதவில்லை. உங்கள் வகுப்பிலும் இதே ஆபத்து உண்டு. பிள்ளைகள் கையில் விட்டுவிட்டு நீங்கள் எமிஸ் வேலையை, அதாவது பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் வேலையைப் பார்க்க உட்கார்ந்தால் முடிந்தது கதை. இந்த முறையில் டீச்சர் பேசுவது குறையும், நடப்பது கூடும், எனக்கு முழங்கால் போனதே அதில்தான்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. ஸ்டார் ஒட்டுவது, பேனா கொடுப்பது எல்லாம் நிறையப் பேர் ஈடுபாட்டுக்கு மருந்து என்று நினைக்கிறார்கள். 1973இல் லெப்பரும் கூட்டாளிகளும் படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க நிற முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு இல்லாத சாதாரண நாளில், அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் பாதியாகக் குறைந்துவிட்டது. பிடித்துச் செய்ததைக் கூலிக்குச் செய்த மாதிரி ஆக்கிவிட்டோம். எதிர்பாராமல் கொடுத்தால் இந்தச் சேதம் இல்லை. பொறுப்பை ஒழுங்காகச் செய்த பிள்ளைக்கு நான் கொடுப்பது, அடுத்த சுற்றில் எந்த வேலை வேண்டும் என்று முதலில் கேட்பது.

அப்புறம் மேடை. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியதில் பிள்ளைகளின் பங்கேற்புக்கு எட்டுப் படி வைத்த ஏணி ஒன்றைப் போட்டார். கீழே உள்ள மூன்று படி பங்கேற்பே இல்லை என்றார்: பிள்ளைகளைப் பகடையாக வைப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது. அதிகாரி வரும் நாளில் வாசலில் வெயிலில் பூங்கொத்தோடு நிற்கிறார்களே, அது இரண்டாம் படி. குழந்தைகள் நாடாளுமன்றத்தில் 'சுகாதார அமைச்சர்' என்று பேட்ஜ் குத்திவிட்டு, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று அவள் சொல்வதை யாரும் கேட்காவிட்டால் மூன்றாம் படி. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு வந்த 'மகிழ் முற்றம்' திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அணி பிரிக்கிறார்களே, பெயர் அழகுதான், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அணித் தலைவர் என்ன முடிவெடுக்கலாம் என்பதை உங்கள் பள்ளியில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், அது நிஜமாக நடக்க வேண்டும்.

எதில் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு மூன்று பத்தியில் ஒன்றை எடுத்துக்கொள் என்பது தேர்ந்தெடுப்பு இல்லை, தண்டனை. அவர்களுக்கு முதலில் கூடவே உட்கார்ந்து வாசிப்பு. அமிலம், நெருப்பு இருக்கும் செய்முறையில் வழியைத் தேர்ந்தெடுக்க விடவே விடாதீர்கள், நான் சொன்னபடிதான், முடிந்தது பேச்சு. புது வகுப்பில் முதல் மாதமும் வேண்டாம், பிள்ளைகள் உங்களை எடைபோட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக அந்த லீடர் பெண். எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள், மூன்றாம் வகுப்பிலிருந்து லீடர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், போர்டில் பெயர் எழுதும்போது தேதிகூட மறக்காமல் போடுவாள். இனி லீடர் கிடையாது, வேலைகள்தான் என்று சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே அவள் அம்மா வந்துவிட்டார். "என்ன சார் தப்புப் பண்ணினா?" என்று கேட்டபோது கண் கலங்கியிருந்தது, சண்டைக்கு வந்தவர் மாதிரியே இல்லை. தப்பு ஒன்றும் இல்லம்மா, இவ்வளவு வருடமாக இவள் வகுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வகுப்புக்குள் உட்காரவே இல்லை என்றேன். அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். பெண் மூன்று வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, கேட்டால் "ம்" என்பாள். 'புரியலை' வேலை அவளுக்கு வந்த சுற்றில் முதல் நாள் எழுந்து நின்று, கை நடுங்க, "சார், ஒளியாண்டுன்னு ஏன் சொல்றோம், அது தூரம்தானே, ஆண்டுன்னா நேரம்தானே, எனக்கு அஞ்சாவதுலருந்தே புரியலை" என்றாள். பின் பெஞ்சிலிருந்து யாரோ "எனக்கும்தான்" என்றார்கள். மாற்றுவதென்றால் அம்மாவை முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் டீச்சர், நான் செய்யாத ஒன்று அதுதான்.